தெருவைத் திருத்துவோரும் தெருவில் வாழ்வோரும்

ஆண்டு விழா மலரைக் கையில் எடுத்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது தம் குழந்தையின் பெயர் அச்சாகியிருக்கும் பக்கத்தையே. அடுத்து வாழ்த்துரைகளைப் பார்ப்போம். பின்னர்ச் செயலாளரின் அறிக்கையைப் பார்ப்போம். கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. அவை விளம்பரப் பக்கங்கள். காப்பிப் பொடிக் கடையும் நகைக் கடையும், பாத்திரக் கடையும் பூக் கடையும், அரிசி மண்டியும் அச்சகமும் தத்தம் வாழ்த்தைத் தெரிவித்துக் கால் பக்கமும் அரைப் பக்கமுமாக இடம் பெற்றிருக்கும். உண்மையில் மலரைத் தாங்கி நிற்பவை அப்பக்கங்களே. மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், சயான், கோலிவாடா, தாராவித் தொண்ணூறடிச் சாலை என்று அக்கடைகளின் முகவரிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின், ஆண்டாப் ஹில்லைச் சூழ்ந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கைப் படம் ஒன்று நம் கண்முன் விரியும்.

அம்முகவரிகளுள் எத்தனை, இன்னும் பத்தாண்டுகளில் அங்கேயே இருக்கும்? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதுமாறு நம்மைத் தூண்டிற்று. கடைத்தெருக்களை இடித்துப் புதுக்கும் முயற்சி இந்நகருக்குப் புதியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நடந்து வருகின்றது. ஒவ்வொரு முறையும், தெருவைத் திருத்துவோர் தெருவில் வாழ்வோரைக் கலந்து கொண்டனரா, கலந்து கொண்டனராயின் எவ்வாறு என்பதை வரலாற்று முறையில் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

பிளேக் நோய் அமைத்த புறநகர்

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமான வீடுகளும் காற்றோட்டமற்ற சந்துகளுமே நோய்க்குக் காரணம் எனக் கருதிய அரசினர், 1898ஆம் ஆண்டில் சட்டம் ஒன்றை இயற்றிப் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவினர். பழைய நகரில் இருந்த வீடுகளை இடித்து அகன்ற சாலைகளை அமைப்பதும், வடக்கேயுள்ள நிலங்களைக் கையகப்படுத்திப் புதிய குடியிருப்புகளை உண்டாக்குவதும் அதன் பணிகள். சாந்தர்ஸ்ட் சாலை அவ்வாறு வெட்டப்பெற்றதேயாம். தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகள் டிரஸ்டின் ஐந்தாம் ஆறாம் திட்டங்களால் உருப்பெற்றன.

அத்திட்டங்கள் வருமுன் இந்நிலங்கள் வெறுமையாகவா கிடந்தன? இல்லை. கோலியரும் பண்டாரிகளும் பிறரும் இங்கே வாழ்ந்தனர். வயலும் தோப்பும் இருந்தன. சாலை எவ்வழியே செல்ல வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்டிலர். நிலத்திற்கு இழப்பீடு கேட்டு வழக்காடலாம். திட்டம் வேண்டுமா வேண்டாவா என்று கூறும் உரிமை அவர்களுக்கு இல்லை. இன்று மாட்டுங்காவின் நிழல் தரும் சாலைகளில் மாலை நேரம் உலாவும் நாம், அச்சாலைகளின் கீழே பிறர் உழுத மண் கிடக்கின்றது என்பதை மறத்தலாகாது.

எனினும், ஒருவர் வாய் திறந்து கேட்டதனால் திட்டமே மாறியதற்கும் அதே இடத்தில் சான்று உண்டு. மஞ்சர்ஜி ஜோஷி என்னும் பார்சிப் பொறியாளர் டிரஸ்டில் பணி புரிந்தவர். நடுத்தர வருவாயுடைய பார்சிக் குடும்பங்களுக்கெனத் தாதரில் 103 மனைகளை ஒதுக்குமாறு அவர் டிரஸ்டை வற்புறுத்தி இசையச் செய்தார். இன்றைய தாதர் பார்சிக் குடியிருப்பு அவ்வாறு தோன்றியதே. அவர் டிரஸ்டின் உள்ளேயே இருந்தவர். எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்பதை அறிந்தவர். அவ்வறிவு கோலியரிடம் இல்லை. கலந்தாய்வின் வரலாறு முழுவதிலும் இவ்வேற்றுமை ஒரு நூலிழைபோல் ஓடுவதைக் காணலாம்.

தென்னிந்தியர் மாட்டுங்காவிற்கு வந்தது இதன் பின்னரே. இரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் சேர்ந்த நம் முன்னோர், 1920களிலும் 1930களிலும் இங்குக் குடியேறினர். கீழே கடை, மேலே வீடு என்னும் அமைப்பு அவர்களுக்குப் பெரிதும் பொருந்திற்று. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிற்று. 1942இல் ராமநாயக்கின் உடுப்பி உணவகம் மாட்டுங்கா நிலையத்தருகே இலை போட்டது. 1952இல் சண்முகானந்த சபை உருவாகி 1963இல் தன் பெருமண்டபத்தைத் திறந்தது. கேளாமலே போடப்பெற்ற சாலைகளில், நாம் நம் வாழ்க்கையை நாமே போட்டுக் கொண்டோம் என்று கூறலாம்.

நடந்து பார்த்த அறிஞர்

அக்காலத்திலேயே வேறு குரல் ஒன்றும் ஒலித்தது. ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரை மாநகரும் அவற்றுள் ஒன்று. 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்து, அக்கோட்டில் அகப்பட்ட வீடுகளையெல்லாம் இடிக்கும் முறையை அவர் கடிந்தார். மருத்துவன் முதலில் நோயை அறிதல் வேண்டும். அதன் பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும். இங்கொரு சுவர், அங்கொரு பாழ்மனை என்று குறைந்த அளவே அகற்றினால், செலவும் குறையும், குடிகளும் சிதறார் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் கையாண்ட கருவி கால்களே. தெருத் தெருவாக நடந்தார். கிணற்றையும் மரத்தையும் கோயிலையும் குறித்துக் கொண்டார். அவர் கூறியதை அக்காலத்து அதிகாரிகளுட் பலர் ஏற்றிலர்; இன்று உலகெங்கும் நகரமைப்பு மாணாக்கர் அவரைப் பயில்கின்றனர்.

தாராவி எவ்வாறு தோன்றிற்று

நம் குடியிருப்பிலிருந்து மேற்கே சயானைக் கடந்தால் தாராவி. அது தானே முளைத்த சேரி என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பழைய மீனவர் கோலிவாடாவைச் சுற்றி, நகரம் தனக்கு வேண்டாவென்று ஒதுக்கிய தொழில்கள் வந்து சேர்ந்தமையால் வளர்ந்த ஊர் அது. 1887இல் அங்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். சௌராட்டிரத்துக் குயவர் தென் பம்பாயிலிருந்து பெயர்க்கப்பெற்றுக் கும்பார்வாடாவில் குடியேறினர். சதுப்பு நிலத்தை மண்ணிட்டும் குப்பையிட்டும் மேடாக்கியவர்கள் இவர்களே. நிலத்திற்கு மதிப்பு இல்லாதிருந்த காலத்தில் அவர்களை எவரும் வெளியேறச் சொல்லவில்லை. பின்னாளில் பாந்திரா குர்லா வணிக வளாகம் அருகே எழுந்து, நிலத்தின் விலை வானளாவிய பின்னரே, தாராவி அனைவர் கண்ணிலும் பட்டது.

தாராவித் தலைமைச் சாலையிலும் தொண்ணூறடிச் சாலையிலும் உள்ள கடைகளை எண்ணிப் பாருங்கள். நகைக்கடைக்கு அடுத்துப் பலசரக்குக் கடை. அதன் பின்புறத்தில் தையற்கூடம். அதற்கு மேலே ஒரு குடும்பம். அதற்கும் மேலே வாடகைக்கு இருக்கும் இளைஞர் நால்வர். விடியுமுன் இட்டலி அவித்துத் தலைச்சுமையாக எடுத்துச் செல்வோர் அச்சந்துகளிலிருந்தே புறப்படுகின்றனர். நம் அலுவலக வாயிலில் பத்து மணிக்கு நாம் உண்ணும் இட்டலி, பெரும்பாலும் அங்கு அவித்ததே.

அற்புதம் என்னும் தமிழர்

கேளாதவர்களைக் கேட்குமாறு செய்தவர் என்று ஒருவரைக் கூற வேண்டுமாயின், அவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960களில் பம்பாய்க்கு வந்து மான்கூர்டு அருகே ஜனதா காலனியில் தச்சு வேலை செய்து வாழ்ந்தவர். அங்குக் குப்பை அள்ளப்படாமல் மலைபோற் குவிந்தது. அவர் காலனிச் சிறுவர்களைத் திரட்டினார். ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, நகராட்சி அலுவலகத்தின் வாயிலிற் கொண்டுபோய்ப் போடச் செய்தார். அதன் பின்னரே குப்பை அள்ளும் வழி பிறந்தது என்று அவரே பலகாலும் கூறியதுண்டு.

அந்த ஜனதா காலனியை அருகிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக அகற்ற வேண்டும் என்றனர். பல ஆண்டுகள் வழக்காடியும் போராடியும், நெருக்கடி நிலைக் காலமாகிய 1976இல் அது இடிக்கப்பெற்றது. ஏறத்தாழ 70,000 மக்கள் டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப்பிற்குப் பெயர்க்கப்பெற்றனர். தோல்வியே, ஆயினும் அத்தோல்வியிலிருந்து அவர் ஒரு பாடம் கற்றார். நம்மை யார் எண்ணுகின்றாரோ அவரே நம் தலையெழுத்தை எழுதுகின்றார்; ஆதலின் நம்மை நாமே எண்ணிக் கொள்ளல் வேண்டும் என்பதே அது.

அப்பாடம் தாராவியில் பயன்பட்டது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் நிதி அறிவித்தார். அதில் ஏறத்தாழ 37 கோடி தாராவிக்கென ஒதுக்கப்பெற்றது. திட்டமிட்டோர் தாராவியின் மக்கள் தொகையைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். அவ்வாறிருந்தும் பல்லாயிரம் குடும்பங்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றனர். அற்புதம் அமைத்த தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும் அதன் துணை நின்ற அமைப்பினரும், 1986இல் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்வது வெளிப்பட்டது. தவறான கணக்கின்மேல் எழுப்பிய திட்டம் நிற்கவில்லை. வெளியேற்றும் எண்ணம் சுருங்கிற்று. நடந்தவாறே தெருவை எண்ணும் கெட்டிஸின் முறையை, அவர் நூலைக் கண்டிராத குடிசைவாழ் பெண்கள் கையாண்டனர் என்பது எத்துணை வியப்பு! அற்புதத்திற்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தன. 2018இல் அவர் மறைந்தார்.

சட்டம் தந்த சாளரம்

மகாராட்டிர வட்டார நகரமைப்புச் சட்டம் 1966இல் இயற்றப்பெற்றது. நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் குறித்த நாட்களுக்குள் பெற்று, ஒரு குழுவின்முன் நேரிற் கேட்டு, அதன் பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இங்கிலாந்தில் ஸ்கெஃபிங்டன் குழு, திட்டமிடுதலில் மக்கள் பங்கு பெறுதல் பற்றிய புகழ் பெற்ற அறிக்கையை அளித்தது 1969இல். நம் சட்டம் அதற்கு மூன்றாண்டு முந்தியது என்பதை நினைவிற் கொள்க.

அச்சாளரத்தை மக்கள் உண்மையாகத் திறந்து பார்த்தது 2015ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு பிப்ரவரியில் மும்பையின் 2034 வரையிலான வளர்ச்சித் திட்ட வரைவு வெளியாயிற்று. படங்களை உற்று நோக்கியவர்கள் திடுக்கிட்டனர். வழிபாட்டிடங்களும் பழம்பெருங் கட்டடங்களும் தவறாகக் குறிக்கப்பெற்றிருந்தன. நிற்கும் வீடுகளின் ஊடே சாலைகள் ஓடின. பல்லாயிரக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன. ஏப்ரலில் முதலமைச்சர் அவ்வரைவை மீளப் பெறச் செய்தார். திருத்திய வரைவு 2016 மே திங்களில் வந்தது. மீண்டும் ஆட்சேபங்கள், மீண்டும் விசாரணை. 2018இல் திட்டம் ஒப்புதல் பெற்றது. கோடி மக்கள் வாழும் நகரில் ஒரு முழுத் திட்டத்தையே எழுத்தால் திருப்பியனுப்பியது சிறு செயலன்று.

ஆயினும் ஒன்று கூறுவோம். வரைவும் படமும் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருந்தன. நம் கடைத்தெருவில் வாழையிலையும் கறிவேப்பிலையும் விற்கும் மூதாட்டி ஒருவர், யாரோ தந்த படத்தின் நகலை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு நம் வீட்டு வாயிலுக்கு வந்தார். “தம்பி, இதுல என் இடம் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா” என்றார். முப்பது ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளைப் படித்த கண்களால் நாமும் தேடினோம். அவர் அமரும் இடம் படத்தில் இல்லை. நடைபாதை என்றுகூட அங்குக் குறிப்பு இல்லை. மறுநாள் தாளெடுத்து நாம் ஒரு விண்ணப்பம் எழுதினோம். அவர் கைந்நாட்டு இட்டார். அதன் விளைவு யாதாயிற்றென்று இன்றுவரை நமக்கு மறுமொழி வரவில்லை. எனினும், அவ்வம்மையார் அன்று முதல் நம்மிடம் இலைக்கு விலை வாங்க மறுத்ததும், நாம் வற்புறுத்திக் கொடுத்ததும் நினைவில் நிற்கின்றன.

சம்மதம் வேண்டாத திட்டம்

தாராவிக்கு வருவோம். 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வு முறையில், கட்டடக்காரர் அங்கு வாழ்வோரில் 70 சதவீதத்தினரின் சம்மதம் பெற வேண்டியிருந்தது. பின்னர் அது 51 ஆகக் குறைக்கப்பெற்றது. 2004இல் அரசு ஏற்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டமோ, அரசே நடத்துவது என்னும் காரணத்தால் அச்சம்மதத்தை வேண்டவில்லை. 2007இல் உலக நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தபோது, மக்கள் கறுப்புக் கொடி ஏந்தித் தெருவில் இறங்கினர். அதன் பின்னர், முன்னாள் தலைமைச் செயலாளர் சுக்தன்கர் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. முதலில் 225 சதுர அடி என்றிருந்த வீடு 300 ஆகி, இன்று 350 ஆகியுள்ளது. வாய் திறந்தமையால் விளைந்த பயன் இது என்க.

2019இல் முடிந்த ஏலம் 2020இல் ரத்தாயிற்று. 2022 நவம்பரில் அதானி நிறுவனம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2024 மார்ச்சில் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2025 மே திங்களில் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. 2000 சனவரி முதல் நாளுக்கு முன்னர்த் தரைத்தளத்தில் இருந்தோர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே விலைக்கு வீடு. மேல்தளத்தில் இருப்போர்க்கும் வெளியே, தவணை முறையில் வீடு என்பது ஏற்பாடு. வீட்டில் தண்ணீரும் கழிப்பிடமும் இன்றி அல்லலுற்ற தாய்மார் பலர் திட்டத்தை வரவேற்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. கணக்கெடுப்பையே எதிர்ப்போரும் உளர். அவர்கள் அச்சமும் பொருளற்றதன்று.

கடைக்காரரின் வினா இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. தகுதியுள்ள கடைக்கு 225 சதுர அடி இலவசம் என்கின்றனர். ஆனால் கடை என்பது வெறும் சதுர அடியா? முன்னே தெரு, பின்னே பட்டறை, மேலே வீடு, பக்கத்தில் கடன் கொடுத்து வாங்கும் அண்டைக் கடை, நாளொன்றுக்கு ஆயிரம் முறை கடந்து செல்லும் கால்கள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே கடை. மேல்தளத்து வாடகைக் குடும்பம் தாராவிக்கு வெளியே சென்றுவிட்டால், கீழ்த்தளத்துப் பலசரக்குக் கடைக்கு இடம் கிடைத்தும் வாங்குவோர் யார்?

சிங்கப்பூரின் கதை ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. செரங்கூன் சாலையில் 1915இல் கட்டிய பழைய சந்தையை 1982இல் அகற்றி, எதிரே புதிய கட்டடத்தில் கடைகளை வைத்தனர். அதற்கு ஜூஜியாவ் எனச் சீன ஒலிப்பில் பெயரிட்டனர். மக்கள் நாவில் அப்பெயர் நுழையவில்லை. பழகிய தேக்கா என்னும் பெயரையே வழங்கி வந்தனர். 2000இல் அரசும் அப்பெயரையே ஏற்றது. பழைய கடைக்காரரும் பழைய வாடிக்கையாளரும் அருகிலேயே இருந்தமையால் அன்றோ பழைய பெயரும் பிழைத்தது! மக்களைச் சிதற விட்டிருந்தால், பெயரை நினைவூட்ட யார் இருந்திருப்பர்?

நம் கடன்

இறுதியாக நம்மைப் பற்றியே சிறிது கூறுதல் வேண்டும். காலனிக் குடும்பங்களாகிய நாம், தாராவியை நம் ஊராக எண்ணியதில்லை. பேனா பிடித்தவர் இப்புறம், தோல் பதனிட்டவர் அப்புறம் என்று ஊரிலிருந்து கொணர்ந்த பிரிவினையை, இரயில் பாதையின் இருபுறத்தும் நட்டு வைத்தோம். அவர்கள் 1986இல் வீடு வீடாக எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் சங்க மேடைகளில் தமிழர் ஒற்றுமை பற்றிய சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலமும் மராத்தியும் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். விண்ணப்பம் எழுதும் முறை அறிந்தவர்கள் நாம். கோப்பு எந்த மேசையில் உறங்கும் என்பதை வாழ்நாளெல்லாம் கண்டவர்கள் நாம். மஞ்சர்ஜி ஜோஷிக்கு இருந்த அவ்வறிவு நம்மிடமும் இருந்தது. அதை நம் அண்டையார்க்கு அளித்தோமா?

இன்று நம் பக்கமும் மாறி வருகின்றது. 2019இல் மோனோ இரயில் ஆண்டாப் ஹில்லில் நிலையம் கண்டது. பழைய கட்டடங்கள் பல இடிபடக் காத்துள்ளன. நாளை நம் கடைத்தெருவின் படமும் ஒரு சுவரில் ஒட்டப்பெறும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர வணிகக் குழுவில் நாற்பது சதவீத இடத்தை வணிகர்களின் சார்பாளர்க்கே அளித்துள்ளது; அவருள் மூன்றிலொரு பங்கினர் பெண்கள். இதனை நம் தெருவில் இலை விற்கும் அம்மையார்க்கும் பூத் தொடுக்கும் அம்மையார்க்கும் எடுத்துரைக்க எத்தனை பேர் முன்வருவோம்?

சங்கத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரிதன்று. திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், நான்கு ஓய்வு பெற்ற அன்பர்கள், ஒரு மேசை, ஒரு கட்டுத் தாள் இவை போதும். அரசினர் அறிவிப்புகளைத் தமிழிற் படித்துக் காட்டுவோம். பிறந்த நாள், குடியேறிய நாள், வாடகைச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றை முறைப்படுத்தி வைக்க உதவுவோம். நம் கடைத்தெருவை நாமே நடந்து எண்ணி, ஒவ்வொரு கடையையும் ஒரு தாளில் எழுதி வைப்போம். திட்டம் நல்லதாயின், அத்தாள் அதனை மேலும் நல்லதாக்கும். தீயதாயின், அத்தாளே நம் சான்றாகும்.

இம்மலரின் கடைசிப் பக்கங்களை இம்முறையேனும் படியுங்கள். அங்கு வாழ்த்துக் கூறும் கடைகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் எடுக்க வேண்டிய கணக்கின் முதற்பக்கம் அதுவே.